விசேட கல்வித் திட்டம்: பெற்றோரின் கதிரை வெறுமையாக இருக்கலாமா?

புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் எமது சமூகம் எதற்கு முதலிடம் கொடுக்கிறது என்று கேட்டால், பிள்ளைகளின் படிப்புக்கு என்று தயங்காமல் பதில் வரும். சனிக்கிழமை தமிழ் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை சங்கீதம், கிழமை நாட்களில் கணித ரியூசன் என்று பெற்றோர் ஓடித் திரிகிறார்கள். பிள்ளை நூற்றுக்குத் தொண்ணூறு எடுத்தால் மிச்சம் பத்து எங்கே என்று கேட்கிறார்கள். ஆனால் அதே வீட்டில் ஒரு பிள்ளைக்கு வாசிப்பதில், பேசுவதில் அல்லது மற்றவர்களோடு பழகுவதில் இடர்ப்பாடு இருக்கிறது என்று பாடசாலை சொல்லிவிட்டால் பெற்றோர் வாயடைத்துப் போகிறார்கள். "ரீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நாங்கள் என்னத்தைக் கண்டோம்" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

ஒன்ராறியோவில் விசேட கல்வி பெறும் பிள்ளைகளின் வீடுகளுக்கு இலையுதிர் காலத்தில் சில பக்கங்கள் கொண்ட ஒரு பத்திரம் வந்து சேரும். இதன் பெயர் தனிநபர் கல்வித் திட்டம். சுருக்கமாக ஐ.ஈ.பி. என்று சொல்வார்கள். அந்தப் பிள்ளை அந்த ஆண்டில் எதைப் படிக்கப் போகிறது, எந்த மட்டத்தில் படிக்கப் போகிறது, அதற்கு யார் உதவப் போகிறார்கள் என்பதெல்லாம் அதில்தான் எழுதப்பட்டிருக்கும். எமது வீடுகள் பலவற்றில் அது வாசிக்கப்படாமலே ஒப்பமிடப்பட்டு அடுத்த நாள் திரும்பிப் போகிறது.

இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதே எமது கருத்து. விசேட கல்வித் திட்டம் என்பது பாடசாலை எழுதிப் பெற்றோர் ஒப்பமிடும் ஒரு பத்திரம் அல்ல. பெற்றோரும் பாடசாலையும் ஒரு மேசையில் இருந்து கதைத்து எழுத வேண்டிய ஒன்று. அந்த மேசையில் பெற்றோருக்குச் சட்டமே ஒரு கதிரை போட்டு வைத்திருக்கிறது. அது வெறுமையாகக் கிடந்தால் நட்டம் பிள்ளைக்குத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஊரில் விசேட கல்வி என்றால் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது கைதடி நவீல்ட் பாடசாலை. காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்கான இடம் அது. வாசிக்கச் சிரமப்படும் பிள்ளை, ஒரு இடத்தில் இருக்க முடியாத பிள்ளை, பேச்சுப் பிந்திய பிள்ளை ஆகியோரை "மொக்கு", "குழப்படி" என்று சொல்லிக் கடைசி வாங்கிலில் இருத்தி விட்டார்கள். இங்கேயும் ஒரு காலத்தில் நிலைமை பெரிதாக வேறுபட்டிருக்கவில்லை. 1980 இல் ஒன்ராறியோ சட்டசபை கல்விச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் விசேட கல்வி வழங்குவது கல்விச்சபைகளின் விருப்பம் என்ற நிலை மாறிக் கடமை என்றானது. 1985 முதல் அது எல்லாக் கல்விச்சபைகளையும் கட்டுப்படுத்தியது. அந்தத் திருத்தத்தின் பின்னால் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்த பெற்றோர் அமைப்புக்கள் இருந்தன என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

1998 இல் வந்த 181/98 ஆம் இலக்க ஒழுங்குவிதி பெற்றோரின் உரிமைகளை விபரமாகச் சொல்கிறது. தமது பிள்ளைக்கு விசேட கல்வி தேவை என்று கருதும் பெற்றோர், ஐ.பி.ஆர்.சி. எனப்படும் குழுவைக் கூட்டுமாறு பாடசாலை அதிபருக்கு எழுத்து மூலம் கேட்கலாம். அதிபர் மறுக்க முடியாது. கடிதம் கிடைத்து 15 நாட்களுக்குள் அந்தக் கூட்டம் எப்போது நடக்கும் என்று ஏறத்தாழ ஒரு திகதியைப் பதிலாக எழுதி அனுப்ப வேண்டும். பெற்றோருக்கான வழிகாட்டி நூலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்னர் பெற்றோருக்கு அறிவித்தல் வர வேண்டும். கூட்டத்தில் பெற்றோர் இருந்து கேள்வி கேட்கலாம், கருத்துச் சொல்லலாம். தமக்காகப் பேச ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். மொழிபெயர்ப்பாளரும் இருக்கலாம்.

பிள்ளையைச் சாதாரண வகுப்பில் வைத்துக் கற்பிப்பது அதன் தேவையை நிறைவு செய்யும் என்றால், பெற்றோரும் அதையே விரும்பினால், தனி வகுப்பைப் பற்றி யோசிக்கும் முன் சாதாரண வகுப்பையே குழு தெரிவு செய்ய வேண்டும். "பெற்றோரின் விருப்பம்" என்பது இங்கே மரியாதைக்குச் சொல்லப்படும் வார்த்தை அல்ல. ஒழுங்குவிதியிலேயே எழுதப்பட்ட நிபந்தனை.

பிள்ளை அந்த இடத்தில் படிக்கத் தொடங்கி 30 பாடசாலை நாட்களுக்குள் ஐ.ஈ.பி. தயாராக வேண்டும். அதைத் தயாரிக்கும்போது பெற்றோரைக் கலந்தாலோசிக்க வேண்டியது அதிபரின் கடமை. மாணவருக்கு 16 வயது ஆகிவிட்டால் அவரையும் கலந்தாலோசிக்க வேண்டும். ஐ.பி.ஆர்.சி. கூடாமலே கூட ஒரு பிள்ளைக்கு ஐ.ஈ.பி. எழுதப்படலாம் என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

மௌனம் சம்மதம் ஆகிவிடும்

பெற்றோர் பலரும் அறியாத ஒரு விடயத்தை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். "எனக்கு விருப்பம் இல்லை, அதனால் நான் ஒப்பம் வைக்கவில்லை, ஆகவே அவர்கள் ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்று சில பெற்றோர் நிம்மதியாக இருக்கிறார்கள். அப்படி அல்ல. ஐ.பி.ஆர்.சி.யின் முடிவில் உடன்பாடு இல்லாவிட்டால், முடிவு கிடைத்து 15 நாட்களுக்குள் இரண்டாவது கூட்டம் கேட்கலாம், அல்லது 30 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். ஒப்பமும் வைக்காமல், மேன்முறையீடும் செய்யாமல் அந்தக் காலம் கடந்தால் கல்விச்சபை தனது முடிவை நடைமுறைப்படுத்தலாம். கோபத்தில் பத்திரத்தை லாச்சிக்குள் போட்டு வைப்பது எதிர்ப்பு ஆகாது.

இன்னொன்றும் உண்டு. மேன்முறையீடு செய்யக்கூடியவை இரண்டே இரண்டு: பிள்ளைக்கு என்ன வகையான தேவை இருக்கிறது என்ற அடையாளம், பிள்ளையை எந்த வகுப்பில் வைப்பது என்ற இடம். ஐ.ஈ.பி.யில் எழுதப்படும் பாட இலக்குகளுக்கோ, வாரத்தில் எத்தனை மணி நேரம் உதவி என்பதற்கோ இந்த மேன்முறையீட்டு வழி கிடையாது. ஆகவே அவற்றைப் பற்றிப் பேசுவதற்கு ஏற்ற நேரம் எழுதும் நேரம்தான். எழுதி முடித்து வீட்டுக்கு வந்த பிறகு "இது சரியில்லையே" என்று வருந்துவதை விட, எழுதும்போது கூட இருப்பது பத்து மடங்கு பயன் தரும். கலந்தாலோசனையில் பங்குகொள்ளுங்கள் என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மூன்று சொற்கள், மூன்று பாதைகள்

ஐ.ஈ.பி.யில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே ஒரு சுருக்க எழுத்து இருக்கும். பார்ப்பதற்குச் சின்ன விடயம். ஆனால் பிள்ளையின் எதிர்காலம் அதில் தங்கியிருக்கலாம்.

முதலாவது, இசைவாக்கம். பாடம் அதே வகுப்புப் பாடம்தான். கற்கும் விதத்திலும் பரீட்சை எழுதும் விதத்திலும் மட்டும் உதவி. கூடுதல் நேரம், அமைதியான அறை, கணினியில் எழுத அனுமதி, முன்வரிசையில் இருக்கை போன்றவை. இரண்டாவது, மாற்றியமைப்பு. இங்கே பாடத்தின் எதிர்பார்ப்பே மாறுகிறது. ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை இரண்டாம் வகுப்புக் கணிதத்தைப் படிப்பது இதற்கு உதாரணம். மூன்றாவது, மாற்றுத் திட்டம். இது மாகாணப் பாடத்திட்டத்தில் இல்லாதது. தன்னைத்தானே பராமரித்தல், சமூகப் பழக்கம், பஸ்ஸில் பயணம் செய்யப் பழகுதல் போன்றவை இதில் அடங்கும்.

இந்த மூன்றில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று நாம் சொல்லவில்லை. எந்தப் பிள்ளைக்கு எது தேவையோ அதுவே அந்தப் பிள்ளைக்குச் சரி. ஆனால் பெற்றோருக்கு வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். ஆரம்ப வகுப்புகளில் கணிதம் மாற்றியமைக்கப்பட்டு அப்படியே ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்தால், இடைவெளி கூடிக்கொண்டே போகும். உயர்தரப் பாடசாலையில் ஒரு பாடத்தின் எதிர்பார்ப்புக்கள் மாற்றியமைக்கப்பட்டால், அதற்குக் கிரெடிட் கிடைக்குமா இல்லையா என்பதை அதிபரே தீர்மானிப்பார். மாற்றுத் திட்டப் பாடங்களுக்குக் கிரெடிட் இல்லை. 30 கிரெடிட் இல்லாமல் ஒன்ராறியோ உயர்தரப் பாடசாலைச் சான்றிதழ் இல்லை. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது "ஏன் சான்றிதழ் தரவில்லை" என்று அதிர்ச்சியோடு கேட்கும் பெற்றோரை நாம் சந்தித்திருக்கிறோம். பதில் பல ஆண்டுகளுக்கு முன் அவர்கள் ஒப்பமிட்ட பத்திரத்தில் இருந்தது. யாரும் அவர்களுக்கு அதை விளங்கப்படுத்தவில்லை என்பதுதான் எமது கவலை.

வீட்டுக்குத் தெரிந்தது, வகுப்புக்குத் தெரியாது

பெற்றோரின் பங்கு என்று நாம் சொல்வது உரிமைக்காக மட்டும் அல்ல. பெற்றோர் இல்லாமல் எழுதப்படும் திட்டம் அரைகுறையாகவே இருக்கும். ஆசிரியர் பிள்ளையை ஒரு நாளில் ஆறு மணி நேரம், இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் நடுவே பார்க்கிறார். அந்தப் பிள்ளை இரவு எத்தனை மணிக்கு நித்திரை கொள்கிறது, எந்தச் சத்தத்துக்குப் பயப்படுகிறது, எந்த மருந்து எடுக்கிறது, அந்த மருந்து எத்தனை மணிக்குப் பசியைக் குறைக்கிறது, கோபம் வருவதற்கு முன் முகத்தில் என்ன அறிகுறி தெரிகிறது என்பதெல்லாம் வீட்டுக்குத்தான் தெரியும்.

இன்னும் முக்கியமானது பிள்ளையின் திறமைகள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அம்மம்மாவோடு தொலைபேசியில் தமிழில் இரண்டு மூன்று வசனம் கதைக்கிறது என்றால், அது ஐ.ஈ.பி. எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய தகவல். "பேச்சு இல்லை" என்று கோவையில் எழுதுவதற்கும், "வீட்டு மொழியில் சிறு வசனங்கள் பேசும்" என்று எழுதுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! முதலாவதில் இருந்து தொடங்கும் இலக்கு வேறு, இரண்டாவதில் இருந்து தொடங்கும் இலக்கு வேறு. அதேபோல ஆங்கிலம் புதிதாகப் படிக்கும் பிள்ளையின் தடுமாற்றத்தைக் கற்றல் இடர்ப்பாடு என்று எண்ணிவிடவும் கூடும், உண்மையான கற்றல் இடர்ப்பாட்டை "இங்கிலீஸ் பழகினால் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடவும் கூடும். பிள்ளை தமிழிலும் அதே விதமாகத் தடுமாறுகிறதா என்ற கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர்கள் பெற்றோரே.

இந்த இடத்தில் சுகாதாரப் பகுதி என்ற வகையில் ஒரு வார்த்தை. பேச்சுப் பிந்தினாலோ, வாசிப்பில் பின்தங்கினாலோ முதலில் காதையும் கண்ணையும் பரிசோதியுங்கள். நடுக்காதில் நீர் தங்கி அரைகுறையாகக் கேட்கும் பிள்ளை கவனம் இல்லாத பிள்ளை போலவே தோன்றும். 19 வயது வரையான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை கண் பரிசோதனையின் செலவை மாகாண மருத்துவக் காப்புறுதியே ஏற்கிறது. அந்தப் பெறுபேறுகளையும் குடும்ப வைத்தியரின் கடிதத்தையும் பாடசாலைக் கூட்டத்துக்குக் கொண்டுபோனால் பாதி ஊகங்கள் அங்கேயே நின்றுவிடும்.

"வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்"

மதியிறுக்கம் அல்லது பேச்சுத் தாமதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்த ஆலோசனை பல காலமாகச் சொல்லப்பட்டு வந்தது. இன்றும் சில இடங்களில் சொல்லப்படுகிறது. நல்ல மனதோடு சொல்லப்பட்டாலும் இதற்கு ஆதாரம் இல்லை. டவுண் நோய்க்குறி உள்ள பிள்ளைகளையும் மதியிறுக்கம் உள்ள பிள்ளைகளையும் எடுத்து, ஒரு மொழி கேட்டு வளர்ந்தவர்களையும் இரண்டு மொழி கேட்டு வளர்ந்தவர்களையும் ஒப்பிட்டுக் கடந்த 20 ஆண்டுகளாகக் கனடாவிலும் பிற நாடுகளிலும் ஆய்வுகள் செய்யப்பட்டுள்ளன. இரண்டாவது மொழியால் பிள்ளை பின்தங்கியது என்று அவை காணவில்லை.

மறுபக்கத்தில் இழப்பு என்ன? ஆங்கிலத்தில் சரளம் இல்லாத தாய் பிள்ளையோடு பேசுவதையே குறைத்துவிடுகிறார். "கம்", "ஈற்", "சிற்" என்ற மூன்று சொற்களுக்குள் தாய்மை முடங்குகிறது. அப்பப்பாவும் அம்மம்மாவும் பிள்ளைக்கு அந்நியராகிவிடுகிறார்கள். பேச்சுப் பயிற்சி தேவைப்படும் ஒரு பிள்ளையைச் சுற்றி வீட்டில் பேச்சே இல்லாமல் போவது எவ்வளவு பெரிய முரண்! ஆகவே உங்களுக்கு எந்த மொழியில் தாலாட்டவும் கண்டிக்கவும் கதை சொல்லவும் வருமோ அந்த மொழியிலேயே பேசுங்கள். அந்த மொழியும் ஐ.ஈ.பி.யில் குறிப்பிடப்பட வேண்டும் என்று கேளுங்கள்.

ஏன் பின்வாங்குகிறோம்?

காரணங்கள் இல்லாமல் இல்லை. ஆசிரியரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்ட சமூகம் எமது சமூகம். பெற்றோரில் ஒருவர் பகல் வேலை, மற்றவர் இரவு வேலை. கூட்டம் காலை பத்து மணிக்கு என்றால் அரை நாள் சம்பளம் போய்விடும். கூட்டத்தில் நாலைந்து பேர் வேகமாகப் பேசுவது பாதிதான் விளங்கும். இவை உண்மையான இடையூறுகள்.

இவற்றுக்கும் மேலே இருப்பது "ஆக்கள் என்ன சொல்லுவினம்" என்ற பயம். பிள்ளைக்கு ஒரு பெயர் சூட்டிவிட்டால் அது காலம் முழுவதும் தொடரும், அக்காவின் கலியாணம் குழம்பும் என்று அஞ்சுகிறார்கள். பாடசாலையில் இருக்கும் மாணவர் கோவை ஊருக்குத் திறந்த புத்தகம் அல்ல. அதை யார் பார்க்கலாம் என்பதைக் கல்விச் சட்டம் வரையறுக்கிறது. பிள்ளைக்கு 18 வயது ஆகும்வரை பெற்றோருக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டு. கோவிலில் நேர்த்தி வைப்பதையோ சாதகம் பார்ப்பதையோ நாம் குறை சொல்ல வரவில்லை. அது அவரவர் நம்பிக்கை. ஆனால் கிரகம் மாறும்வரை பிள்ளையின் பாடசாலை ஆண்டுகள் காத்திருக்க மாட்டா.

குடிவரவு பற்றிய பயமும் சிலரிடம் உண்டு. பிள்ளைக்கு விசேட கல்வி தேவை என்று பதிந்தால் நிரந்தர வதிவிடம் மறுக்கப்படுமோ என்று கேட்கிறார்கள். இந்தப் பயத்துக்கு முன்பு ஓரளவு காரணம் இருந்தது. 2018 ஏப்ரலில் கனடிய அரசாங்கம் அந்தக் கொள்கையை மாற்றி, "அளவுக்கு மீறிய சுமை" என்று கணக்கிடும் சேவைகளில் இருந்து விசேட கல்வியை நீக்கிவிட்டது. அதோடு, பிள்ளைக்கோ பெற்றோருக்கோ குடிவரவு நிலை இல்லை என்ற காரணத்துக்காக 18 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று ஒன்ராறியோ கல்விச் சட்டம் சொல்கிறது. பழைய பயத்துக்காகப் புதிய பிள்ளைகளை மறைத்து வைக்க வேண்டியதில்லை.

"எங்கள் பிள்ளைக்கு ஏன் அரசாங்கம் இவ்வளவு செலவழிக்க வேண்டும், தருவதை வாங்கிக்கொள்வோம்" என்று நன்றியுணர்வோடு சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2012 இல் கனடிய உச்ச நீதிமன்றம் மூர் வழக்கில் சொன்ன தீர்ப்பை நினைவூட்டுகிறோம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் வாசிப்பு இடர்ப்பாடு உள்ள ஒரு சிறுவனின் தகப்பனார் தொடுத்த முறைப்பாடு அது. விசேட கல்வி என்பது ஆடம்பரம் அல்ல, எல்லாப் பிள்ளைகளுக்கும் வாக்களிக்கப்பட்ட கல்விக்குள் இந்தப் பிள்ளைகள் ஏறிச் செல்லும் சாய்தளம் என்ற கருத்தை நீதிமன்றம் தெளிவாக்கியது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டுவதை யாரும் தருமம் என்று சொல்வதில்லை.

பாடசாலைகளுக்கும் சொல்ல வேண்டியது உண்டு

பெற்றோரை மட்டும் குறை சொல்லி முடிப்பது நியாயம் அல்ல. முழுவதும் எழுதி முடித்த திட்டத்தை மேசையில் வைத்து "ஏதாவது கேள்வி உண்டா?" என்று கேட்பது கலந்தாலோசனை ஆகாது. வரைவை ஒரு கிழமைக்கு முன் வீட்டுக்கு அனுப்பினால் பெற்றோர் வாசித்து, விளங்காததை யாரிடமாவது கேட்டுக்கொண்டு வரலாம். மொழிபெயர்ப்பாளரைப் பெற்றோர் கேட்கும்வரை காத்திராமல் பாடசாலையே ஒழுங்கு செய்ய வேண்டும். பன்னிரண்டு வயது அக்காவை அழைத்துத் தம்பியைப் பற்றி மொழிபெயர்க்கச் சொல்வதை உடனடியாக நிறுத்த வேண்டும். அந்தச் சிறுமி எதைச் சொல்வாள், எதை மறைப்பாள்? தாயின் கண்ணீரைப் பார்த்து எந்தச் சொல்லை மென்மையாக்குவாள்? அந்தச் சுமை ஒரு பிள்ளையின் தோளுக்கு உரியது அல்ல.

வேலைக்குப் போகும் பெற்றோருக்குத் தொலைபேசி மூலமோ காணொளி மூலமோ கூட்டத்தில் சேர வழி செய்யலாம். 2020 இல் கொரோனாக் காலத்தில் அது முடியும் என்று எல்லோரும் கண்டுகொண்டோம். சுருக்க எழுத்துக்களை விட்டுச் சாதாரண வார்த்தைகளில் பேசினால் தமிழ்ப் பெற்றோருக்கு மட்டும் அல்ல, ஆங்கிலம் தாய்மொழியான பெற்றோருக்கும் விளங்கும். பல ஆசிரியர்கள் இதைச் செய்கிறார்கள். தமது சொந்த நேரத்தில் பெற்றோரை அழைத்துப் பேசும் ஆசிரியர்களையும் நாம் அறிவோம். அவர்களுக்கு எமது நன்றி.

பெற்றோர் செய்யக்கூடியவை

1. கேட்பதை எழுத்தில் கேளுங்கள். திகதி இட்டு, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலும் எழுத்துத்தான். தமிழில் எழுதி ஒருவரிடம் மொழிபெயர்த்து அனுப்பினாலும் குறை இல்லை. வாயால் கேட்டது காற்றோடு போய்விடும்.

2. ஒரு கோவை வைத்திருங்கள். வைத்திய அறிக்கைகள், பழைய ஐ.ஈ.பி.கள், றிப்போட் காட்டுகள், கடிதங்கள் எல்லாம் திகதி வரிசையில் இருக்கட்டும். ஆசிரியர் மாறுவார், அதிபர் மாறுவார், வீடு மாறினால் கல்விச்சபையே மாறும். முழுக் கதையும் ஒரே இடத்தில் இருப்பது உங்கள் கையில்தான்.

3. பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொண்டுபோங்கள். எதில் கெட்டிக்காரன், எதில் சிரமம், எது அமைதிப்படுத்தும், எது குழப்பும், இந்த ஆண்டு எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்கள் என்ற ஐந்தும் போதும்.

4. தனியாகப் போகாதீர்கள். தாய், தகப்பன் இருவரும் போக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ஒரு நண்பரையோ உறவினரையோ கூட்டிச் செல்லுங்கள். அவர் பேச வேண்டும் என்றில்லை. சொல்லப்படுவதைக் குறித்துக்கொண்டாலே போதும்.

5. ஒவ்வொரு இலக்குக்கும் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் செய்வார்? எவ்வளவு அடிக்கடி? முன்னேறியதை எப்படி அறிவோம்? "வாசிப்பில் முன்னேறும்" என்பது இலக்கு அல்ல, ஆசை. "இந்தத் தவணை முடிவில் இன்ன மட்டத்துக் கதைப் புத்தகத்தைத் துணையில்லாமல் வாசிக்கும்" என்பதே இலக்கு.

6. அவசரத்தில் ஒப்பமிடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கிறோம் என்று சொல்வதில் குற்றம் இல்லை. உடன்படாத இடத்தைப் பத்திரத்திலேயே எழுதிவிட்டு ஒப்பமிடுங்கள். ஆனால் 15 நாள், 30 நாள் என்ற எல்லைகளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

7. ஒவ்வொரு றிப்போட் காட்டோடும் ஐ.ஈ.பி.யை எடுத்துப் பாருங்கள். அதன் இலக்குகள் ஒவ்வொரு அறிக்கைக் காலத்திலும் மீளாய்வு செய்யப்பட வேண்டும். ஐ.பி.ஆர்.சி. முடிவும் ஆண்டுக்கு ஒரு முறையாவது மீளாய்வுக்கு வர வேண்டும். பிள்ளை அந்த இடத்தில் மூன்று மாதம் படித்த பிறகு நீங்களாகவும் மீளாய்வு கேட்கலாம்.

8. பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவன் பேசாவிட்டாலும் அவனது விருப்பு வெறுப்பை நீங்கள் அறிவீர்கள். பதின்ம வயது வந்தவுடன் "உனக்கு எது உதவுகிறது?" என்று நேரே கேளுங்கள். தன் தேவையைத் தானே சொல்லப் பழகும் பிள்ளை நாளை வேலைத்தலத்திலும் சொல்லும்.

இவை எதையும் சண்டைக்குப் போவதாக எண்ண வேண்டாம். குரலை உயர்த்திப் பேசும் பெற்றோரை விட, குறிப்பேட்டோடு வரும் பெற்றோரையே கூட்டம் கூடுதலாகக் கவனிக்கிறது.

சமூகத்தின் பங்கு

ஒவ்வொரு கல்விச்சபையிலும் விசேட கல்வி ஆலோசனைக் குழு ஒன்று இயங்க வேண்டும் என்பது சட்டம். பாடசாலை ஆண்டில் குறைந்தது 10 முறை அது கூட வேண்டும். கூட்டங்களைப் பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். பெற்றோர் அமைப்புக்களின் பிரதிநிதிகள் அதில் அங்கம் வகிக்கிறார்கள். ஸ்காபுறோ, மார்க்கம், அயாக்ஸ், பிரம்ரன் என்று எமது மக்கள் செறிந்து வாழும் இடங்களில் அந்தக் கூட்டங்களில் தமிழ்ப் பெற்றோர் கூடுதலாகக் காணப்பட வேண்டும்.

எமது சங்கங்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஆங்கிலம் சரளமாகப் பேசும் இளைஞர்கள் இருக்கிறார்கள், தாதியர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு கூட்டங்களுக்கு ஒரு பெற்றோருடன் துணையாகப் போய்க் குறிப்பெடுக்க ஒருவர் முன்வந்தால் அது பெரிய சேவை. அவர்கள் ஒரு விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும்: அந்த அறையில் கேட்டது அந்த அறையோடு நிற்க வேண்டும். இரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் எந்தத் தாயும் எமது கதவைத் தட்ட மாட்டார்.

கோவில், தேவாலயம், தமிழ் வகுப்பு, விளையாட்டுப் போட்டி, கலைவிழா எல்லாவற்றிலும் இந்தப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும். விழா மண்டபத்தில் ஒரு பிள்ளை சத்தம் போட்டால் திரும்பிப் பார்க்கும் நூறு கண்களே அந்தக் குடும்பத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்கின்றன. ஊரார் முன் தலை நிமிர்ந்து நிற்க முடியாத பெற்றோர் அதிபர் முன் எப்படி நிமிர்ந்து நிற்பார்கள்?

21 வயதுக்குப் பிறகு

விசேட தேவை உள்ள பிள்ளை 21 வயது வரை பாடசாலையில் இருக்கலாம். அதன் பிறகு காலையில் வாசலுக்கு வரும் மஞ்சள் பஸ் வராது. அந்த நாளுக்காக ஐ.ஈ.பி.யில் ஒரு நிலைமாற்றுத் திட்டம் இருக்க வேண்டும். 14 வயது முதல் அதை எழுத வேண்டும் என்று 1998 ஒழுங்குவிதியே சொன்னது. 2014 புரட்டாதி முதல் ஐ.ஈ.பி. உள்ள பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பில் இருந்தே அது வேண்டும் என்றாகிவிட்டது. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான வளர்ந்தோர் சேவைகளுக்கு 16 வயதில் இருந்தே விண்ணப்பிக்கலாம். அவை 18 வயதில்தான் தொடங்கும் என்றாலும் காத்திருப்போர் வரிசை நீளமானது. 20 வயதில் யோசிக்கத் தொடங்கினால் பிந்திவிடும்.

ஆசிரியர் ஓர் ஆண்டு கூட வருவார். நல்ல அதிபர் சில ஆண்டுகள் கூட வருவார். பெற்றோரே வாழ்நாள் முழுவதும் கூட இருப்பவர்கள். அவர்களும் ஒரு நாள் முதியவர்களாவார்கள் என்பதுதான் இந்தக் குடும்பங்கள் இரவில் தூங்காமல் யோசிக்கும் விடயம். தாமில்லாத காலத்திலும் பிள்ளை இயன்றவரை தன் காலில் நிற்க வேண்டும் என்று விரும்பாத பெற்றோர் இல்லை. அதற்கான வழி வகுப்பறையில்தான் தொடங்குகிறது, அதன் வரைபடம் அந்தச் சில பக்கங்களில்தான் எழுதப்படுகிறது.

அன்பான பெற்றோரே, அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் வேலையில் விடுப்புக் கேளுங்கள். அழைப்பு வராவிட்டால் நீங்களே கடிதம் எழுதிக் கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தடுமாறட்டும். உங்கள் பிள்ளையைப் பற்றி அந்த அறையில் இருக்கும் எவரை விடவும் உங்களுக்குத்தான் கூடத் தெரியும்.